கரண்ட் எந்தப் பக்கம்?

"அழின்னா அழிக்க வேண்டியதுதானே? பழசு மேல அப்படி என்னம்மா பாசம்?"

கேக் வெட்டும் கத்தியோடு கேட்டார் முதலாளி. பஸ் டிக்கெட் ஆபீஸே அவர் பின்னால் கூடியிருந்தது. கேக்கின் மேல் கிரீமில் பெரிதாக ஓர் '8'.

எட்டாம் பதிப்பு, அவருடைய மாப்பிள்ளை எழுதிய டிக்கெட் மென்பொருள். இன்று காலைதான் ஓட விட்டார்கள். ஏழாம் பதிப்பு, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா எழுதியது.

"கொஞ்ச நாள் ஏழும் இருக்கட்டும் சார்," என்றாள் அக்கா.

"எதுக்கு? புதுசுதான் வழுக்கிட்டு ஓடுதே!"

"காலையில ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் சட்டையப் பிடிச்சுக்கிட்டாங்களே சார்?" என்றார் கவுண்டர்க்காரர்.

"அது உன் கைங்கரியம். அப்புறம் ஒரு புகார் வந்துச்சா?"

"வரல."

"அப்பவே கரண்ட்டை மாத்திட்டேன். உங்ககிட்டயும் சொன்னேனே சார்?" என்றாள் அக்கா.

"கரண்ட் சமாச்சாரத்தை எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லும்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை இன்னும் பெரிதாகச் சிரித்தான். நேற்றுவரை வருகிறவர்களிடமெல்லாம் மாமனார் அவனை, "நம்ம வீட்டோட இருக்கார்" என்றுதான் அறிமுகம் செய்வார். இன்றைக்குத்தான் "நம்ம மாப்பிள்ளை எழுதினது" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தார். அதைப் பொறுக்க முடியவில்லை இந்த அம்மாவுக்கு. வயிற்றெரிச்சல்.

"நகருங்கக்கா, நானே அழிக்கிறேன்."

அவள் தயங்கினாள். "தம்பி, முதல்ல உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு..."

"எனக்குத் தெரியும்க்கா."

இருந்தாலும் பார்த்தான். திரையில் மூன்றே வரிகள். ஏழு. எட்டு. மூன்றாவது, 'கரண்ட்'.

'நடப்பில் உள்ளது' என்று அர்த்தம்; அது பதிப்பு இல்லை, வெறும் இணைப்பு. வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. அதன் அம்புக்குறி எதைக் காட்டுகிறதோ, அதுதான் எல்லாக் கவுண்டரிலும் ஓடும்.

அம்பு ஏழைக் காட்டிக்கொண்டிருந்தது. திருப்பிய நேரமும் பக்கத்திலேயே இருந்தது: காலையில் சட்டையைப் பிடித்துக்கொண்ட அதே நேரம்.

அவன் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து பார்த்தான். அக்கா ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாப்பிள்ளை, இன்னும் என்ன யோசனை?"

"இதோ மாமா."

தட்டினான். கவுண்டர்களில் டிக்கெட்டுகள் எப்போதும்போல வந்துகொண்டிருந்தன. திரையில் மிச்சம் இரண்டு வரிகள். ஏழு. கரண்ட்.

"ஆச்சா?"

"வேண்டாததை அழிச்சாச்சு மாமா."

"அப்படிப் போடு! பாத்தியாம்மா, ஒண்ணும் ஆகல பாரு. எட்டுன்னா எட்டுதான்!" கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கத்தியை மாப்பிள்ளையிடம் நீட்டினார்.

அவன் கேக்கின் மேலிருந்த எட்டைக் கத்தியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டான். பிறகு, முதல் துண்டை வெட்டி அக்காவின் மேஜையில் வைத்தான்.