கர்தினால் வந்த வீடு

“அந்தக் கர்தினால் இந்த வாரமும் வந்தாராம்மா?”

கைப்பேசித் திரையில் மகள் லிடியாவைப் பார்த்துக் கேட்டார் பெனடிக்ட். ஸ்பெயினில் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்த மருமகன் கிளமென்ட் சிரித்தான்.

போன ஞாயிறும் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு ஸ்பானியக் கிழவி நடுவில் நுழைந்தாள். லிடியாவின் கழுத்தைத் தொட்டு, “கர்தெனால், கர்தெனால்” என்று பதறினாள்.

“அவங்க சர்ச்சுக்குக் கர்தினால் வர்றாராம் மாமா. அதான் பாட்டிக்குத் தலைகால் புரியல” என்றான் கிளமென்ட்.

பெனடிக்டுக்கும் தலைகால் புரியவில்லை. நெய்வேலி மைன்ஸில் ஷிப்டு முழுக்க ஆட்களைச் சிரிக்க வைத்தவர். ரிட்டயர் ஆன பிறகும் வாய்க்குப் பூட்டு கிடையாது. மந்தாரக்குப்பம் டீக்கடையில் ஒருவரையும் விடவில்லை.

“ஆயரு ஒரு தபா வரதுக்கே நாம வருஷம் பூரா தோரணம் கட்டிகினு நிக்கிறோம். என் மக வூட்டாண்ட போப்புக்கு அடுத்த கர்தினாலே வராரு.”

இன்று காலைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடமும் அளந்தார். ஸ்பெயினில் படித்துவிட்டு வந்தவர் அவர். சிரிக்கவில்லை. கிழவி எதைத் தொட்டுச் சொன்னாள் என்று மட்டும் கேட்டார்.

பிறகு பெனடிக்டை உட்காரச் சொன்னார்.

அந்த ஊரில் கர்தினாலுக்கும் ‘கர்தெனால்’தான் சொல். அடிபட்டு ரத்தம் கட்டிப்போன இடத்துக்கும் அதுதான் சொல்.

மருமகன் பக்கத்தில் இருக்கும்போது மகளிடம் எப்படிக் கேட்பது? பகல் முழுக்க யோசித்தார். கடைசியில் அவன் சொன்ன பொய்யையே எடுத்துக்கொண்டார்.

கேள்வியைக் கேட்டதும் லிடியா திரையில் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிற மனுஷன், சிரிக்காமல் இருந்தார்.

“வந்தாருப்பா. இப்பல்லாம் தினம் வர்றாரு.”

“கேட்டீங்களா மாமா, உங்களுக்கு மேல ஜோக்கடிக்கிறா” என்றான் கிளமென்ட்.

பெனடிக்ட் கஷ்டப்பட்டுச் சிரித்து முடித்தார்.

“அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியலம்மா. நீ ஒடனே கெளம்பி வந்துடு. மாப்ள லீவு போட்டுகினு அலைய வேணாம்.”

அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி மார்த்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். திரையில் தெரிகிற மாதிரி பாயை விரித்துப் படுத்து, இரும ஆரம்பித்தாள்.

அவளிடம் அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை.