சுவரில் ஐந்து குழிகள்

பெருநாளுக்கு வெள்ளையடிப்பதற்காக, ஷரீபாவின் சீர் பீரோவை நகர்த்திவிட்டு ஆண்கள் போய்விட்டார்கள். காஜிமார் தெரு வீட்டின் உள்ளறை இது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள்மேல் படும் வெயில் இந்தக் கூரையின் கண்ணாடி ஓட்டு வழியே விழுவது மட்டும்தான். ஏழு மாத வயிற்றைத் தாங்கியபடி, பீரோ மறைத்திருந்த சுவரைப் பார்க்கிறாள். பல்லால் கரண்டிய ஐந்து குழிகள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட இரண்டு விரல் கீழே. "யாரு மாமி இது?" கூன் விழுந்து அவள் மார்பளவே நிற்கும் மாமியார் அஜ்மல் பீவி, பல்லில்லாத வாயால் சிரிக்கிறாள். "நாந்தான். புள்ள உண்டானாலே நாக்கு சுண்ணாம்பு கேக்கும். உச்சியில இருக்கிறது உம் மாப்ளை வயித்துல இருந்தப்போ தின்னது. அப்புறம் ஒவ்வொரு பேறுக்கும் எனக்கு எட்டுற இடம் எறங்கிக்கிட்டே வந்துச்சு." காலையில் அடுத்த சுவரைச் சுரண்டித் தின்றபோது உதட்டோரம் ஒட்டிய வெள்ளையை ஷரீபா முந்தானையால் துடைக்கிறாள். உச்சிக்குழி அவள் வாய்க்கு நேராக இருக்கிறது.