அட்டைக்குள் ஒரு கண்மாய்

“ஒண்ணுகூட கண்ணுல படக்கூடாது. ஒண்ணு பட்டாலும் நம்ம கத முடிஞ்சது.”

தனக்குத்தானே முணுமுணுத்தபடி, வாசலில் கிடந்ததை எல்லாம் சுகந்தி மாட்டுக் கொட்டகைக்குள் தள்ளிச் சாக்கைப் போட்டு மூடினாள். பார்க்கிறவர்கள் களவெடுத்த சாமானைப் பதுக்குகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

பதுக்கியது பிளாஸ்டிக் குடங்களை. மொத்தம் பதினொன்று.

அண்ணன் சுந்தரபாண்டியின் கல்யாணத்தை மூன்று முறை கெடுத்தவை அந்தக் குடங்கள்தான். வீடு பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்ற குட வரிசையைப் பார்த்தார்கள். “எங்க பிள்ளைய தண்ணி தூக்கவா கட்டிக் குடுக்கோம்?” என்று காப்பியைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்கள். பரளச்சிப் பக்கத்துக் காய்ந்த ஊரில் பிறந்தது அவன் செய்த குற்றமா என்று கேட்க ஆளில்லை. அவனுக்கும் முப்பத்தைந்து ஆகிவிட்டது.

இது நாலாவது சம்பந்தம். நரிக்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதாகப் பேச்சு. அந்த வீட்டுப் பெண் ஜோதிகா சுந்தரபாண்டிக்கு, அவளுடைய அண்ணன் மாதவன் சுகந்திக்கு. அருப்புக்கோட்டை கோயிலில் வைத்துப் பார்த்ததில் எல்லோருக்கும் பிடித்துப் போனது. இனி ஒரு கல்யாணம் கெட்டால் இன்னொன்றும் கெட்டது.

“வீடு பாக்கன்னு ரெண்டு பக்கமும் எதுக்கு அலையணும்? போட்டோ அனுப்பிக்கிடுவோம், போதும்” என்று அவர்களே சொன்னபோது, சுகந்தி குலசாமிக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

அவர்கள் வீட்டுப் படங்கள் முந்தின நாளே வந்துவிட்டன. தென்னை, வாழை, வாசலிலேயே ஒரு பித்தளைக் குழாய். அந்தக் குழாயைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அடியில் சிமெண்டுத் தரையில் ஒரு பொட்டுப் பாசி கிடையாது. எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்காக என்று மெச்சிக்கொண்டாள். பதினாலு வருஷமாகக் குடம் சுமந்து இடுப்பு காய்த்துப்போனவள் அவள். அந்தக் குழாயடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் இந்தக் குடங்களோடு கிழவியாக வேண்டும்.

அதற்காகத்தான் அட்டை. வேட்டி வந்த பெட்டியின் மூடியில், செல்போன் அகலத்துக்கு நீளவாக்கில் ஓட்டை வெட்டியிருந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். வேண்டாதது எல்லாம் அட்டைக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் முன்னே பின்னே நகர வேண்டும். அப்புறம் அதே இடத்தில் போனை வைத்து அமுக்க வேண்டும். ஏதோ வீடியோவில் பார்த்த வித்தை.

அட்டைக்குள் பக்கத்து வீட்டு முருங்கை சொந்த மரமாயிற்று. பின்னால் இருந்த கருவேலங்காடு காணாமல் போனது. ஆனால் தண்ணீர்? அதற்கு எங்கே போவது?

அந்த நேரம் பார்த்துத் தண்ணி லாரி வந்தது. நாலு நாளைக்கு ஒருதரம் வருகிற லாரி. தெருவே குடத்தோடு ஓடியது.

“அடியே சுகந்தி! கொடத்தையெல்லாம் எங்கடி வச்ச? லாரிக்காரன் கிளப்பிருவான்!” அம்மா முத்துத்தாய் அலறினாள்.

சுகந்தி ஓடினாள், ஆனால் குடம் எடுக்க அல்ல. லாரியிலிருந்து ஒழுகிய தண்ணீர் பள்ளத்தில் ஒரு பாய் அகலத்துக்குத் தேங்கியிருந்தது. மண்ணில் குப்புறப் படுத்து அட்டையை நீட்டினாள். ஓட்டைக்குள் வானம் மிதந்தது, அதன் கரையில் அவள் வீடு. சாட்சாத் கண்மாயேதான்! மண் உறிஞ்சி முடிப்பதற்குள் நாலு படம் அமுக்கிவிட்டாள்.

லாரி போனபோது அம்மாவிடம் இரண்டே குடம் தண்ணீர். கொட்டகையில் மற்றவற்றைக் கண்டுபிடித்து எடுத்து வருவதற்குள் லாரித் தொட்டி காலி.

“நாலு நாளைக்கு என்னத்தடி குடிக்க? ஒன் போட்டோவையா?” முத்துத்தாய் தெருவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். சுகந்திக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே படங்களை அனுப்பினாள்.

மறுநாள் காலையில் மாதவனின் அப்பா போனில் பேசினார். “வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழம கோயில்லயே வச்சு உறுதி பண்ணிருவோம்.” முத்துத்தாய் இருந்த தண்ணீரில் பாயசம் வைத்தாள். சுந்தரபாண்டி காரணமில்லாமல் சட்டையைத் தேய்த்தான்.

மத்தியானம் சுகந்திக்கு ஒரு போன். ஜோதிகா. குரல் ரகசியமாக இருந்தது.

“மதினி, வீட்டுல யாருக்கும் தெரியாமப் பேசுறேன். உங்க வீட்டு முன்னாடி அந்தக் கண்மாய் போட்டோ...”

சுகந்தி போனோடு கொட்டகைப் பக்கம் ஒதுங்கினாள். கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் போச்சு.

“அதுக்கு... அதுக்கென்ன?”

“அதப் பாத்ததுல இருந்து மனசே ஆறல மதினி. நீங்க இங்க வாழ வரப்போறவுக, உங்ககிட்ட மறைச்சா பாவம். எங்க ஊருல சொட்டுத் தண்ணி கிடையாது. லாரி வாரத்துக்கு ஒருதரந்தான் வரும். இருக்குற மாதிரி நாந்தான் பாத்துப் பாத்து போட்டோ எடுத்தேன்.” விசும்பினாள். “கல்யாணத்த மட்டும் நிறுத்திராதீக.”

சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“மதினி, அங்க வந்தா நான் குடம் தூக்க வேணாம்ல?”