ஐந்தாவது வாய்

பர்கர் என் கைக்கு வந்தபோது அதில் நான்கு பேரின் பல் தடம் இருந்தது.

முதல் தடம் வக்கீலுடையது. அகலமான கடி, ஓரத்தில் ஒரு மீசை முடி. அடுத்தது பேங்க்காரருடையது. அவர் கடிப்பதில்லை, உறிஞ்சுகிறார். மூன்றாவது தடம் பல் டாக்டருடையது. ஊரார் பல்லையெல்லாம் துலக்கச் சொல்கிறவரின் பல்லிடுக்கில் பச்சையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது.

நாலாவது என் கணவருடையது. அதை மட்டுமாவது சகித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், அவர் கடித்த இடத்தில்தான் சாஸும் எச்சிலும் கலந்து நூலாக இறங்கியது.

கடிபடாத இடம் தேடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இந்த நால்வரும் கல்லூரிக் காலத்திலிருந்தே ஞாயிறுதோறும் ஏதாவதொரு கடையில் பர்கர் தின்று மார்க் போடுகிறார்கள். வாங்குவது ஒரே பர்கர்தான். தனித்தனியாக வாங்கினால் ஆளுக்கொரு பர்கருக்கு மார்க் போட்டதாகிவிடுமாம். எல்லா வாயும் ஒன்றிலேயே பட்டால்தான் நியாயமாம். வக்கீல் வைத்த சட்டம், வேறெப்படி இருக்கும்?

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை இதற்கு அழைத்து வந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் இவராக அழைக்கவில்லை. பல் டாக்டர் போன் செய்து, "தங்கச்சியையும் கூட்டிட்டு வாடா" என்று பிடிவாதம் பிடித்தார். வழியெல்லாம் இவர் உம்மென்று வந்தார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக டிவி பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன். என்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கியிருந்தேன்.

அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பர்கரைக் கடித்தேன்.

ரொட்டி, தண்ணீரில் ஊறிய பஞ்சு. கறி மேலே கருகி, உள்ளே சில்லென்று இருந்தது. எத்தனை நாள் எண்ணெயோ, நாக்கில் மெழுகாகப் படிந்தது. இலைத் துண்டு ஒன்று வழவழவென்று தொண்டை வரை போய் நின்றுகொண்டது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நான்கு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழுங்கினேன்.

வக்கீல் மேசையைத் தட்டி, "பாஸ்!" என்றார்.

அப்போதுதான் சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கடையும் அவருடையதுதான். புதுக்கடை, சுவரில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"பிரமாதம்" என்றார் வக்கீல். "பிரமாதம்" என்றார் பேங்க்காரர். பல் டாக்டர் கண்ணை மூடி, ராகம் போட்டு இழுத்தார். இவர் மட்டும் காகிதத்தைக் கசக்கிக்கொண்டே முணுமுணுத்தார்.

மனிதருக்கு வாயெல்லாம் பல். ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். "பிரமாதம்னு சொல்றாங்கம்மா!" என்று யாரிடமோ சொல்வது கதவைத் தாண்டிக் கேட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நிஜமாவே பிடிச்சுதா அண்ணா?" என்று பல் டாக்டரைக் கேட்டேன்.

மூவரும் வெடித்துச் சிரித்தார்கள். பேங்க்காரர் வாயிலிருந்த ரொட்டித் துணுக்கு ஈரத்தோடு என் கைமேல் வந்து விழுந்தது.

"அவளுக்கு எதுக்குடா அதெல்லாம்?" என்றார் இவர். தண்ணீர் டம்ளரை எடுக்கப்போய்த் தட்டிவிட்டார்.

பல் டாக்டர் விடவில்லை. "நம்ம எச்சிலச் சாப்பிட்டாச்சு, இனி தங்கச்சியும் நம்ம ஆளுதான். கடைக்காரன் மூஞ்சிக்கு நேரா திட்ட முடியுமாம்மா? அதுக்கு காலேஜ்லேருந்தே ஒரு ஏற்பாடு. நல்லா இருந்தா, நல்லா இருக்குன்னு சொல்லுவோம். பிரமாதம்னு சொன்னா, வாயில வைக்க முடியலைன்னு அர்த்தம்."

என்ன கேடுகெட்ட ஜென்மங்கள் என்று அருவருப்பாக இருந்தது. கதவுக்குப் பின்னால் அந்த மனிதர் இன்னும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆனாலும் நானும் சிரித்து வைத்தேன். சேர்த்துக்கொண்டார்களே.

சிரிக்கும்போதே மனம் வீட்டுச் சமையலுக்கு ஓடியது. இவர் என் சாப்பாட்டை என்ன சொல்வார்? 'நல்லா இருக்கு.' என்றைக்கும் அதேதான். உப்புச் சப்பில்லாத பாராட்டு என்று அதற்காக எத்தனையோ முறை சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. பிரமாதம் என்று இந்த மனிதர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரே ஒரு தடவையைத் தவிர.

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். நான் இன்னும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்று என்னை ஒரு டீக்கடைக்கு அழைத்துப்போனார். இதே மூவர்தான். வக்கீல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எப்படிடா?" என்று இவரைக் கேட்டார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டு நானும் சிரித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அக்காவிடம் ஓடிப்போய் அதைத்தான் சொன்னேன்.

"அப்புறம் என்னடி யோசனை? கண்ண மூடிக்கிட்டுக் கழுத்த நீட்டு" என்றாள் அக்கா.

நீட்டினேன்.