கூடையில் விழுந்தவை

"திருடன்கிட்ட குப்பை இருக்காதுக்கா," என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்த தையற்கடை அக்காவுக்குப் புரியவில்லை.

அவர் கடைக்கு இது இரண்டாவது லோகோ. முதலில் வந்தவன் வேறு ஊர்க் கடை ஒன்றின் லோகோவை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டான். அந்தக் கடைக்காரர் சண்டைக்கு வர, ஆசையாக மாட்டிய பலகையைத் தெருவே வேடிக்கை பார்க்கக் கழற்ற வேண்டியதாயிற்று.

இப்போது இணையத்தில் இன்னொருவரைப் பிடித்திருக்கிறார். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. எல்லாம் மெசேஜ்தான். அந்த ஆளை நம்பிப் பணம் அனுப்பலாமா என்று கேட்கத்தான், யாரோ சொல்லி, இதே வேலை செய்யும் என்னிடம் வந்திருந்தார்.

இப்படி யாராவது கேட்டுவிட்டால் எனக்கு உற்சாகம் தாங்காது. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். யார் வந்தாலும் நான் நடத்தும் முதல் பாடம் இதுதான்.

லோகோ எடுத்த எடுப்பில் வந்துவிடாது. ஒரு பறவை வரைகிறோம் என்றால், முதலில் கழுத்து நீண்டுவிடும். அடிப்போம். அடுத்ததில் இறக்கை கனத்துவிடும். கசக்கி எறிவோம். சரியான ஒன்று வாய்ப்பதற்குள் கூடை நிறைந்துவிடும்.

திருடுகிறவனுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. முடிந்த படம் மட்டும்தான் அவன் கையில் இருக்கும். அதனால் படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. படத்துக்கு முன்னால் கிறுக்கியதைக் கேட்க வேண்டும்.

கேட்டதும் அடித்தல் திருத்தலோடு வந்தால், ஆள் அசல். சாக்குப்போக்கு வந்தால், கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

அப்போது என் கணவர் உள்ளே வந்து, மேசைக்கு அடியிலிருந்த கூடையை எடுத்தார்.

"நிறைஞ்சு வழியுது பாரு. கொட்டிட்டு வந்துடறேன்."

குப்பைத் தொட்டி எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. அதன் இரும்பு மூடியை யார் மூடினாலும் இந்த ஜன்னல் கண்ணாடி அதிரும்.

அவர் தலை மறைந்ததும் அக்கா என் பக்கம் சாய்ந்தார். "குடுத்து வச்சவ நீ. எங்க வீட்டு மகாராஜாவுக்குத் தொட்டி எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது."

சிரித்தேன். உண்மைதான். கல்யாணமான நாள் முதல் என் கூடையை நான் காலி செய்ததே இல்லை.

அக்காவுக்குத் திடீரென்று ஏதோ பிடிபட்டது. கைபேசியைத் துழாவினார்.

"அட, அதுக்குத்தான் அனுப்பினாரா! நான் கேக்கவே இல்லம்மா. கசங்கின பேப்பரா அனுப்பியிருந்தார். எதுக்குடா இந்தக் குப்பைன்னு நெனச்சேன்."

வாங்கிப் பார்த்தேன்.

கசக்கிய தாள்களை நீவி விரித்துப் படம் எடுத்திருந்தார்கள். மடித்த துணியால் ஆன ஒரு பறவை.

முதல் தாளில் கழுத்து நீண்டிருந்தது. அடித்திருந்தது.

இரண்டாவதில் இறக்கை கனத்திருந்தது.

நான் வரைந்து, ஒரு துணிக்கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பறவை அது. சொல்லி ஒரு மாதம் இருக்கும்.

இருந்தாலும், பிறருக்குச் சொல்வதைப் போலவே எனக்கும் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்: ஒரே யோசனை இரண்டு பேருக்கு வரலாம். சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

தாள் மெல்லியது. பின்பக்கம் எழுதியது முன்பக்கம் நிழலாகத் தெரிந்தது, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி. படத்தை இடவலமாக மாற்றுகிற பொத்தானை அழுத்தினேன். பெரிதாக்கினேன்.

குழந்தைக் கையெழுத்தில் ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு ஐம்பத்து நாலு. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

அந்த வட்டம் நான் போட்டது. மகள் எழுதி முடித்த தாள்களின் பின்பக்கத்தில்தான் நான் வரைவேன்.

"என்னம்மா, இவனும் திருடனா?"

"வரைஞ்ச கை அசல்தான்க்கா," என்றேன். "பணம் மட்டும் அனுப்பாதீங்க."

அக்கா விழித்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி அதிரட்டும் என்று காத்திருந்தேன். அதிரவே இல்லை.

பின்கட்டில் ஏதோ ஒரு அலமாரி மூடுகிற சத்தம் மெதுவாகக் கேட்டது.

பிறகு அவர் வந்தார். காலிக் கூடையை மேசைக்கு அடியில், எப்போதும் வைக்கும் இடத்தில், வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் டீ போடட்டுமா?"