மொட்டைமாடி மானம்

திண்டிவனத்தில் அந்தத் தெருமுனையில் பதினான்கு மாடிக் கட்டடம் வரப்போகிறது என்றதும், தண்ணீர் போதுமா, சாக்கடை தாங்குமா என்று ஆளுக்கொரு கவலை. பாண்டுரங்கனுக்கு ஒரே கவலைதான்.

“மேல இருந்து பார்த்தா நம்ம மாடியெல்லாம் தெரியும்பா! குடும்பம் நடத்துற எடம் இல்லியா?”

அவரே எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவரானார். காலை ஆறு மணிக்கே சர்க்கரை வியாதிக்காக ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடை. திரும்பியதும் வீடு வீடாகக் கையெழுத்து வேட்டை.

“இந்த வயசுலயும் இன்னா சுறுசுறுப்பு!” என்று வியந்தார் எதிர்வீட்டு இருதயராஜ்.

“நடந்து இன்னாங்க பிரயோஜனம்? சுகரு எறங்கவே மாட்டேங்குது” என்றாள் பாண்டுரங்கனின் மனைவி சின்னபொண்ணு.

ஞாயிறன்று கல்யாண மண்டபத்தில் கட்டட கம்பெனியோடு பேச்சுவார்த்தை. “நிழல் விழுந்தா மல்லாட்டைய எங்க காய வெக்கிறது?” என்று வேர்க்கடலைக்காக மேசையைத் தட்டினார் பாண்டுரங்கன்.

“உங்க தெரு வரைக்கும் நிழல் வராது சார். நேத்து காலைல ஆறரைக்கு ட்ரோன் விட்டு எடுத்த படத்துல நிழல் எதுவரைக்கும் விழும்னு கோடு போட்டிருக்கோம், பாருங்க” என்றார் கம்பெனி இன்ஜினீயர். திரையில் மொட்டைமாடிகள் வரிசையாக வந்தன.

பாண்டுரங்கன் ஓடிப்போய்த் திரையை மறைத்துக்கொண்டு நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டையில் படம் இன்னும் பளிச்சென்று விழுந்தது: அவர் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வாக்கிங் ஷூவோடு சம்மணம் போட்டு அவரே உட்கார்ந்திருந்தார். மடியில் ஜாங்கிரி டப்பா.

சின்னபொண்ணு எழுந்தாள்.

“எத்தினி மாடி வேணா கட்டிக்கோங்க சார். எங்க மாடி நல்லா தெரியிற மாதிரி ஒரு வீடு மட்டும் எம்பேர்ல எழுதிக்கோங்க.”