புது வேலி

ஐப்பசி மழை விழுந்த கையோடு தோணியேறிப் பட்டணம் போன நாகமணி, இரண்டு நாள் கழித்து வேலணைக்குத் திரும்பியபோது எல்லையில் பழைய வேலி இல்லை. அடுத்த வளவு இலட்சுமிப்பிள்ளை புதிதாகக் கிளுவைக் கதியால்களை வரிசையாக நட்டு முடித்திருந்தாள்.

"ஆரைக் கேட்டு எல்லையில கை வைச்சனீங்கள்? இதைக் கோட்டில வழக்கு வைச்சுப் பேசுவம்," என்றான்.

"முதல்ல அளந்து பாரும்."

கயிற்றைப் பிடித்து அளந்தான். நம்ப முடியாமல் மறுபடியும் அளந்தான். அவனுடைய வளவு பத்து முழம் கூடியிருந்தது.

"அக்கா, உங்கட காணியெல்லோ இஞ்சால வந்து கிடக்கு."

இலட்சுமிப்பிள்ளை கடைசிக் கதியாலின் அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கினாள்.

"ஒவ்வொரு மாரிக்கும் நாலு விரல் தள்ளித் தள்ளி நட்டுக்கொண்டு வாறீர். பாத்துக்கொண்டுதான் இருந்தனான். உந்தப் போக்கில என்ரை கிணத்தைத் தாண்ட உமக்கு அறுபது வருஷம் செல்லும். உம்மட கிணறு இந்தக் கோடையோட உவராப் போச்சு. அதுவரைக்கும் உம்மட பிள்ளையள் எதைக் குடிக்கிறது?"

நாகமணி திரும்பிப் பார்த்தான். அவளுடைய நல்ல தண்ணீர்க் கிணறு, துலாவும் பட்டையுமாக, புது வேலிக்கு இப்பால், அவன் வளவுக்குள் நின்றது.

"வேலியில ஆள் நுழையிற அளவுக்கு ஒரு பொட்டு விட்டிருக்கிறன்," என்றாள் அவள். "எனக்கும் ரெண்டு குடம் அள்ள விடும்."